வந்தவன் கடனும் இருப்பவன் கடனும்

முன்னாளில் நம்மவர் ஊர்விட்டு ஊர் சென்றது பெரும்பாலும் வயிற்றின் பொருட்டேயாகும். வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றோரும், பம்பாய்க்கும் இரங்கூனுக்கும் கப்பலேறி நேட்டாலுக்கும் சென்றோரும், ஒரு வேளைக் கூழையும் ஓரளவு மானத்தையும் தேடியே சென்றனர். இந்நாளிலோ நம் இல்லத்துப் பிள்ளைகள் பொறியியற் பட்டமும் செவிலியர் சான்றிதழும் கைக்கொண்டு வானூர்தி ஏறுகின்றனர். அவர்கள் செல்லும் நாடுகளுள் ஜப்பானும் ஒன்று. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டில் வாழ்ந்த அயல்நாட்டினர் தொகை 37 இலட்சத்தைக் கடந்திருந்தது. அவர்களுள் இந்தியர் 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். தோக்கியோ மாநகரின் கீழ்ப்புறத்து எதோகாவா வட்டத்தில், நிஷிகசாய் என்னும் பகுதியில், 2000-ஆம் ஆண்டையொட்டிக் கணினித் தொழிலின் பொருட்டுச் சென்ற இந்தியக் குடும்பங்கள் இன்று ஒரு சிறு குடியிருப்பாகவே பெருகியுள்ளன.

சென்றவர் நலமே. ஊதியம் உண்டு, அச்சமின்றி இரவில் நடக்கும் தெரு உண்டு, குறித்த நொடியில் வரும் தொடர்வண்டி உண்டு. எனினும் அயல்நாட்டில் நாள்தோறும் வாழ்தல் என்பது இவற்றால் மட்டும் முடிந்துவிடுவதன்று. குப்பையை எங்கே இடுவது, அண்டை வீட்டாரிடம் என்ன பேசுவது, பிள்ளைக்கு எம்மொழியில் கதை சொல்வது என்னும் சிறு வினாக்களின் அடியில் ஒரு பெரு வினா கிடக்கின்றது. அயல்நாட்டில் குடியேறியவன் அந்நாட்டுக்கு யார்? அவன் விருந்தினனா, கூலிக்கு வந்தவனா, அல்லது அவ்வீட்டைச் சேர்ந்தவனா? அவன் அந்நாட்டுக்குச் செய்யக் கடவது யாது? அந்நாடு அவனுக்குச் செய்யக் கடவது யாது? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இரு விடைகள்

இவ்வினாவுக்கு இருவகை விடை உலகில் வழங்குகின்றது. ஒன்று, அயல்நாடு ஒரு சத்திரம் என்பது. சத்திரத்தில் தங்குவோன் அதன் கூரையைப் பற்றிக் கவலை கொள்வதில்லை. பொழுது விடிந்தால் மூட்டையைக் கட்டுவான். அதுபோல, பொருளீட்டுவோம், ஊருக்கு அனுப்புவோம், நம்மவரோடு மட்டும் கூடி வாழ்வோம், பத்தாண்டு கழித்துத் திரும்புவோம் என்பர் இவ்விடை கூறுவோர். மற்றொன்று, அயல்நாட்டில் அந்நாட்டாராகவே முற்றும் மாறிவிடவேண்டும் என்பது. மொழி, உணவு, உடை, பெயர் அனைத்தையும் களைந்து, பழையது ஒன்றும் தோன்றாவண்ணம் கரைந்துவிடல் வேண்டும் என்பர் இவர்.

முதல் விடையில் நன்றியின்மை உளது. நீ நடக்கும் பாதையை வேறொருவன் பெருக்குகின்றான், நீ குடிக்கும் நீரை வேறொருவன் காக்கின்றான். அவற்றைப் பத்தாண்டு நுகர்ந்துவிட்டு எனக்கு இதில் பங்கில்லை என்றல் எங்ஙனம் பொருந்தும்? இரண்டாம் விடையிலோ ஆராய்ச்சியின்மை உளது. எந்த நாடும் நன்மை மட்டும் நிறைந்ததன்று. ஜப்பான் நாட்டிலேயே தோல் பதனிடுதல், இறந்த விலங்குகளை அகற்றுதல் முதலிய தொழில் செய்தோரின் வழிவந்தவர்கள் புராகு மக்கள் என ஒதுக்கப்பட்டு இழிவுபடுத்தப்பட்டனர். 1871-ஆம் ஆண்டில் அரசாணை அவ்விழிவை நீக்கியது. ஆணை நீக்கியதை மனம் நீக்கவில்லை. அதனால் அம்மக்கள் 1922-ஆம் ஆண்டில் கியோத்தோ நகரில் கூடி, சுய்ஹெய்ஷா என்னும் தம் சமத்துவ இயக்கத்தைத் தொடங்க நேர்ந்தது. அவ்விழிவை ஒழித்தற்கெனவே 2016-ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. முற்றும் அந்நாட்டாராக மாறுவேன் என்று செல்வோன், அவர்தம் ஒழுங்கைக் கற்பதோடு இத்தகைய பழைய வெறுப்பையும் சேர்த்தன்றோ கற்றுவிடுவான்? ஒரு சேரியிலிருந்து விடுபட்டு வந்தவன் மற்றொரு சேரியைப் பழிப்பானாயின் அவன் விடுதலை பெற்றவனாவது யாங்ஙனம்?

ஆகவே இவ்விரு விடைகளையும் விடுத்து, மூன்றாவதொரு வழியைத் தேடுதல் வேண்டும். அவ்வழி நம் பழைய நூலொன்றில், எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் உள்ளது.

விநயம் காட்டும் வழி

பிக்குகள் ஓரிடத்தில் நிலைத்து வாழாதவர்கள். மழைக்காலம் நீங்கலாக ஏனைக் காலங்களில் ஓர் ஆராமத்திலிருந்து மற்றோர் ஆராமத்திற்கு நடந்துகொண்டே இருந்தவர்கள். ஆதலின் புதிய இடத்திற்குச் சென்று அமர்தல் என்பது அவர்களுக்கு அன்றாட நிகழ்ச்சி. இதனால் எழுந்த இன்னல்களையும் அவற்றுக்கு வகுத்த ஒழுங்கையும் விநயபிடகத்தின் சுல்லவக்கத்தில், கடமைகளைக் கூறும் பகுதியில் விரிவாகக் காணலாம். புதிதாய் வருவோன் ஆகந்துகன் எனவும், அங்கே முன்பே உறைவோன் ஆவாசிகன் எனவும் அந்நூலில் பெயர் பெறுகின்றனர்.

நிகழ்ச்சி இது. சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் பகவன் உறைந்த காலத்தில், புதிதாய் வந்த பிக்குகள் சிலர் காலில் செருப்போடும் கையில் விரித்த குடையோடும் தலையை மூடியவாறும் ஆராமத்துள் நுழைந்தனர். குடிப்பதற்கு வைத்திருந்த நீரில் கால் கழுவினர். அங்கே உறைந்த மூத்தோரை வணங்கவில்லை. தங்குமிடம் எது என வினவவுமில்லை. அவர்களுள் ஒருவர் ஆளில்லாதிருந்த ஒரு குடிலின் தாழை நீக்கிக் கதவைத் தள்ளிச் சடுதியில் உட்புக, மேல்நிலையிலிருந்து ஒரு பாம்பு அவர் தோள்மேல் விழுந்தது. அவர் அஞ்சி அலறினார். இச்செய்தி பகவன் செவிக்கு எட்டியதன் பின்னரே ஆகந்துகன் கடமைகள் வகுக்கப்பட்டன.

அக்கடமைகளின் சுருக்கம் வருமாறு: வருவோன் வாயிலை அடைந்ததும் செருப்பைக் கழற்றித் தட்டி எடுத்துக்கொள்ளல் வேண்டும், குடையைத் தாழ்த்தல் வேண்டும், தலையைத் திறந்து பதற்றமின்றி நுழைதல் வேண்டும். குடிநீர் எது, கழுவும் நீர் எது எனக் கேட்டறிதல் வேண்டும். உறைவோருள் மூத்தோரை வணங்குதல் வேண்டும். தங்குமிடம் எது, பிச்சைக்குச் செல்லத்தக்க இடம் எது, தகாத இடம் எது, ஒதுங்குமிடம் எது, அங்கே உறைவோர் தம்முள் செய்துகொண்ட ஒழுங்கு யாது, எப்பொழுது உட்புகல், எப்பொழுது வெளியேறல் என்பனவற்றையெல்லாம் கேட்டல் வேண்டும். ஆளற்ற குடிலாயின் கதவைத் தட்டிச் சற்றுப் பொறுத்துத் திறந்து, வெளியே நின்று உள்ளே நோக்குதல் வேண்டும். குடில் அழுக்குற்றிருப்பின் தன்னால் இயன்றவரை துப்புரவு செய்தல் வேண்டும். குடிநீர் இல்லையெனில் கொணர்ந்து நிரப்புதல் வேண்டும்.

இவற்றைப் படிப்போர், இவை சிறு செய்திகள் ஆயிற்றே, இவற்றுள் தத்துவம் எங்குளது என வினவலாம். பெரிய கொள்கைகளில் மனிதர் எளிதில் ஒன்றுபடுவர். சண்டை எழுவது செருப்பிலும் தண்ணீரிலும் குப்பையிலுமே. ஆதலின் அச்சிறு செய்திகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

செருப்பைக் கழற்றுதல்

ஜப்பானியர் இல்லத்தின் வாயிலில் கெங்கன் எனப்படும் ஒரு தாழ்ந்த இடம் உண்டு. செருப்பை அங்கேயே கழற்றி, நுனி வாயிலை நோக்குமாறு ஒழுங்காக வைத்துவிட்டே மேலே ஏறுதல் வழக்கம். பல பள்ளிகளிலும் பழைய விடுதிகளிலும் கோயில்களிலும் இதுவே முறை. மழைநாளில் குடையை வாயிலில் உள்ள கூடையில் இட்டுச் செல்வர். தொடர்வண்டியில் கைப்பேசியின் ஓசையை அடக்கி வைப்பர், அதில் உரையாடவும் மாட்டார்கள். புதிதாய்ச் செல்லும் நம் இளைஞர் இவற்றைக் கண்டு, என்ன இத்தனை கட்டுப்பாடு என முதலில் மலைப்பதுண்டு.

இவ்விடத்தில் நம் மக்களுக்கே உரிய ஒரு தடை எழக்கூடும். அதனை மறைத்தல் நேர்மையாகாது. செருப்பைக் கழற்று என்னும் சொல் நம் செவியில் பிறர் செவியில் விழுவதுபோல் விழுவதில்லை. நம் பாட்டன்மார் ஊர்த்தெருவின் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையிலோ கக்கத்திலோ இடுக்கிக்கொண்டு நடந்தவர்கள். குடை பிடித்ததற்காக அடிபட்டவர்கள். அத்தகையோரின் பேரன், கடல் கடந்து சென்றும் மீண்டும் செருப்பைக் கழற்றவும் குடையைத் தாழ்த்தவும் பிறருக்கு முன்னே குனியவும் வேண்டுமா என வினவுவானாயின், அவ்வினா நியாயமானதே.

இதற்கு நாம் கூறும் விடை யாதெனில்: எந்த ஒழுங்கையும் ஏற்குமுன் ஒன்றை நோக்குதல் வேண்டும். அவ்வொழுங்கு எவரெவரைக் கட்டுகின்றது? ஊர்த்தெருவில் நம் பாட்டனுக்கு விதித்த விதி, அத்தெருவில் வீடு உடையவனைக் கட்டவில்லை. அவன் செருப்போடு நடந்தான். பிறப்பு நோக்கி ஒருவனை மட்டும் கட்டிய அவ்விதி இழிவு. கெங்கனிலோ வீட்டுக்காரனும் கழற்றுகின்றான், அவன் தந்தையும் கழற்றுகின்றார், அமைச்சரே வரினும் கழற்றுகின்றார். அனைவரையும் ஒப்பக் கட்டுவது விநயம். நுழைவோன் எவனாயினும் தரை தூய்மையாயிருத்தல் வேண்டும் என்னும் ஒன்றே அதன் நோக்கம். ஜேதவனத்து விதியும் இத்தகையதே. அது வந்தவரின் குலத்தை வினவவில்லை.

இவ்வளவுகோலைக் கைக்கொள்வோன் இரண்டு தவறுகளினின்றும் தப்புவான். பொது ஒழுங்கை அடிமைத்தனம் எனக் கருதிச் சினவான். இழிவு செய்யும் விதியைப் பொது ஒழுங்கு என மயங்கி ஏற்கவும் மாட்டான். அயல்நாட்டில் எதற்குப் பணிவது, எதை எதிர்ப்பது எனத் தடுமாறும் ஒவ்வோரிடத்திலும், இது எல்லாரையும் கட்டுகின்றதா, எம்மை மட்டும் கட்டுகின்றதா என்று கேட்பானாக.

கேட்டறிதல்

ஆகந்துகன் கடமைகளுள் பெரும்பாலானவை கேட்டறிதலே. நீர் எது, இடம் எது, நேரம் எது, ஒழுங்கு எது எனக் கேட்டுக்கொண்டே செல்கின்றான். கல்வியிற் சிறந்த பிக்குவாயினும் புதிய இடத்தில் அவன் அறியாதவனே என்பதை அந்நூல் ஒப்புக்கொள்கின்றது. நம்மவர்க்கு இது கடினம். பட்டமும் பதவியும் உடையோன், குப்பைப் பையைக் கையில் ஏந்தி அண்டை வீட்டு மூதாட்டியிடம் ஐயம் கேட்க நாணுகின்றான்.

ஆயின் அந்நாட்டில் வாழ்க்கை கேட்டறிதலிலேயே தொடங்குகின்றது. ஓரிடத்தில் குடியமர்ந்த 14 நாட்களுக்குள் அவ்வூர் நகராட்சி அல்லது வட்ட அலுவலகத்தில் வாழ்விட அட்டையோடு சென்று முகவரியைப் பதிதல் வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் சேர்தல் வேண்டும். அதன்பின் மருத்துவச் செலவில் பொதுவாக நூற்றுக்கு 30 பங்கே நோயாளி தருவது. 20 அகவை முதல் 59 அகவை வரை உள்ளோர், அயல்நாட்டினராயினும், ஓய்வூதியத் திட்டத்தில் பங்கு செலுத்துதல் வேண்டும். திரும்பிச் செல்லப்போகும் எனக்கு இது எதற்கு எனச் சிலர் முணுமுணுப்பர். அவர்தம் பிள்ளை நோயுற்ற இரவில் மருத்துவமனையின் கதவு திறந்திருப்பதற்கு, தாம் ஒருபோதும் பாராத எத்தனையோ முதியோரும் இளையோரும் செலுத்திய பங்கே காரணம் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

குப்பைச் செய்தி இன்னும் நுண்ணியது. எரியத்தக்கது, எரியாதது, நெகிழி, கண்ணாடிப் புட்டி, தகரக் குவளை எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குக் குறித்த கிழமையில், பெரும்பாலும் காலை 8 மணிக்கு முன், குறித்த இடத்தில் வைத்தல் வேண்டும். நெகிழிப் புட்டியாயின் மூடியையும் மேலுறையையும் நீக்கிக் கழுவி வைத்தல் வேண்டும். காக்கை கிழிக்காவண்ணம் வலையிட்டு மூடுதல் வேண்டும். தவறாக வைத்த பையை வண்டிக்காரர் எடுத்துச் செல்லார். ஒரு தாளை ஒட்டி அங்கேயே விட்டுச் செல்வர். பின்னர் நிகழ்வது யாது? அப்பையைக் காக்கை கிழிக்கும். தெருவில் சிதறியதை, அத்தெருவில் வாழும் ஒரு முதியவர் துடைப்பத்தோடு வந்து ஓசையின்றிப் பெருக்குவார். அவர் எவரையும் ஏசமாட்டார். கேளாதவனின் அறியாமை இவ்வாறு எப்பொழுதும் வேறொருவரின் முதுகில் சுமையாக ஏறுகின்றது. எனக்குத் தெரியாது என்பது முதல் வாரத்தில் ஒரு விடையாகலாம். ஓராண்டு கழித்தும் அதனையே கூறுவோன் அறிய விரும்பாதவனே. பிறர் பெருக்கிய தெருவின் கதையை நம்மைவிட நன்கறிந்தோர் யார்? நாம் அதனை இன்னொரு முதியவர்க்குச் செய்தல் தகுமா?

அந்நாட்டில் புதுவீடு புகுவோர், எதிரே மூன்று வீட்டார்க்கும் இரு பக்கத்து வீட்டார்க்கும் ஒரு கைத்துண்டு போன்ற சிறு பொருளைக் கொடுத்துத் தம் பெயரைச் சொல்லி வணங்குதல் பழைய வழக்கம். பெருநகரத்து அடுக்ககங்களில் இது குறைந்து வருகின்றது. எனினும் புதிதாய்ச் சென்ற நம்மவர் இதனைச் செய்தால், அண்டை வீட்டாரின் அச்சம் பாதி நீங்கும். மூத்த உறைவோரை வணங்குக என்னும் விநயத்தின் இல்லறத்து உரு இதுவேயாம்.

நாளெண்ணிக்கையால் கடன் குறையாது

குடில் அழுக்குற்றிருப்பின் வந்தவனே துப்புரவு செய்க என்னும் விதி ஆழ்ந்து நோக்கற்பாலது. அப்பிக்கு அங்கே ஒரு திங்கள் தங்கலாம், மூன்று நாளும் தங்கலாம். அழுக்கு அவனால் ஆயதன்று. எனினும் எத்தனை நாள் தங்குவாய் என அந்நூல் கேட்கவில்லை. தங்குகின்றாயா, துப்புரவு செய் என்றே கூறுகின்றது. சத்திரம் என்னும் முதல் விடை இவ்விடத்தில் வீழ்கின்றது. நாம் ஓரிடத்தில் பெறும் நன்மை இன்றே பெறப்படுகின்றது. ஆதலின் அதற்குரிய கடனும் இன்றே உண்டாகின்றது. பத்தாண்டு கழித்துத் திரும்புவேன் என்பது இன்றைய கடனைத் தள்ளுபடி செய்யாது.

திரும்புவோனுக்கும் கடன் உண்டு. செல்லும் பிக்கு மரப்பொருளையும் மட்கலத்தையும் ஒழுங்குற வைத்து, கதவையும் பலகணியையும் அடைத்து, தங்கிய இடத்தை உரியோரிடம் ஒப்புவித்தே செல்லல் வேண்டும் என்று அதே பகுதி விதிக்கின்றது. வாடகை வீட்டைச் செப்பனிட்டு ஒப்புவித்து, வட்ட அலுவலகத்தில் பெயர் நீக்கி, நிலுவைகளைத் தீர்த்துச் செல்வோன் தனக்குப்பின் வரும் இந்தியனுக்கு வீடு தேடித் தருகின்றான். பூட்டிவிட்டு ஓடுவோன் பின்வருவோனின் வாயிலை அடைத்துச் செல்கின்றான்.

எதை விடுவது, எதைக் கொணர்வது

பிக்குவின் மூட்டை சிறியது. நம் மூட்டையோ பெரியது. அதனுள் எதனை வைப்பது என்னும் ஆராய்ச்சி பலர் செய்வதில்லை. புளியும் மிளகாய்ப் பொடியும் நினைவாக எடுத்துச் செல்வோர், அவற்றினடியில் சாதியும் கிடப்பதைக் காண்பதில்லை.

1913-ஆம் ஆண்டில் நியூயார்க்கு சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலண்டனிலும் பயின்ற அண்ணல் அம்பேத்கர், தாம் தீண்டாதார் என்னும் எண்ணத்தையே அயல்நாட்டு வாழ்க்கை தம் நெஞ்சினின்று அகற்றிவிட்டதாகப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். 1917-ஆம் ஆண்டில் பரோடா நகரில் பணியேற்க வந்து இறங்கியதும், எங்கே தங்குவது என்னும் வினாவே அவர் முன் நின்றது. அந்நகரில் பார்சி விடுதியொன்றில் தங்கியவர் சில நாட்களில் அங்கிருந்தும் துரத்தப்பட்டார். புதிய நாட்டில் ஒரு மனிதன் மனிதனாக மட்டும் நடமாடுதல் எத்துணைப் பெரும்பேறு என்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டவல்லது வேறில்லை. தக்க நாட்டில் வாழ்தலை மங்கலங்களுள் ஒன்றாக மங்கல சுத்தம் எண்ணுவதன் பொருளும் நமக்கு இதனால் விளங்கும்.

அப்பேற்றினை நம்மவரே கெடுக்கின்றனர் என்பதே வருந்தத்தக்கது. அயல்நாட்டில் ஒரு தமிழர் மற்றொரு தமிழரைக் கண்டதும் மகிழ்கின்றார். இரண்டாம் பேச்சில் சொந்த ஊர் எது என்கின்றார். மூன்றாம் பேச்சில் ஊரில் எந்தப் பக்கம் என்கின்றார். ஜப்பானியர் எவரும் கேளாத கேள்வி அது. அதன்பின் விருந்துக்கு அழைப்பதும் அழையாமையும், பிள்ளைகள் கூடி விளையாடுவதும் விளையாடாமையும் அவ்விடையைப் பொறுத்து அமைகின்றன. இது கற்பனையாயின் அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரமன்றம் 2023-ஆம் ஆண்டில் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியையும் சேர்த்திருக்க வேண்டியதில்லை.

இக்கேள்விக்கு நம் பிள்ளைகள் யாது விடை தருவது? சிலர் அஞ்சி வேறொரு குலத்தின் பெயரைச் சொல்லித் தப்புகின்றனர். அவர்தம் அச்சத்தை நாம் இகழோம். எனினும் பொய்யின்மேல் கட்டிய நட்பு நாள்தோறும் அச்சத்தைக் கூலியாகக் கேட்கும். பிள்ளைகளையும் அப்பொய்யில் பழக்க நேரும். கேட்டதற்கெல்லாம் விடை தரவேண்டும் என்னும் விதி இல்லை. இக்கேள்வியை நாம் கேட்பதுமில்லை, இதற்கு விடை தருவதுமில்லை என அமைதியாகக் கூறலாம். நாம் பௌத்தர், எங்கள் ஊர் இன்னது எனத் தலைநிமிர்ந்தும் கூறலாம். விடையைக் கேட்டு விலகுவோன் விலகட்டும். வெட்கம் கேட்டவனைச் சேர்வது. மேலும், பிறர் வீட்டில் தங்க இடம் பெற்றவன் அவ்வீட்டில் இல்லாத நோயைக் கொணர்ந்து பரப்புதல் விருந்துக்குச் செய்யும் துரோகமாம் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுதலும் நம் கடனே.

கொணரத்தக்கவையும் உள. மொழியைக் கொணர்க, உணவைக் கொணர்க. ஆயின் அவற்றைப் பெட்டியிலிட்டுப் பூட்டாமல் பகிர்ந்து கொள்க. 1915-ஆம் ஆண்டில் ஆங்கில அரசுக்குத் தப்பி ஜப்பான் சென்ற வங்கத்து இராஷ் பிகாரி போஸ், அவருக்கு மறைவிடம் தந்த நாகமுராயா என்னும் உணவுக் கடையாரின் மகளை மணந்து, 1923-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். 1927-ஆம் ஆண்டில் அக்கடையில் அவர் வழிகாட்டலில் இந்தியக் குழம்பும் சோறும் விற்பனைக்கு வந்தன. இன்றளவும் அக்கடையின் பெயரோடு அக்குழம்பு வழங்குகின்றது. தம் நாட்டின் விடுதலைக்கு அவர் இறுதிவரை உழைத்தார். தம்மை ஏற்ற நாட்டின் உணவுப் பலகையில் தம் நாட்டுச் சுவை ஒன்றையும் வைத்துச் சென்றார். ஒன்றை ஏற்பதற்கு மற்றொன்றை வெறுக்க வேண்டியதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

இருப்பவன் கடன்

இதுகாறும் வந்தவன் கடனையே கூறினோம். இவ்வளவில் நிறுத்தினால் நாம் அந்நூலில் பாதியையே படித்தவராவோம். ஆகந்துகன் கடமைகளை வகுத்த அதே நூல், அடுத்து ஆவாசிகன் கடமைகளையும் வகுக்கின்றது. மூத்த பிக்கு வருவதைக் கண்டதும் உறைவோன் இருக்கை இடவேண்டும், கால் கழுவ நீர் வைக்கவேண்டும், எதிர்சென்று பாத்திரத்தையும் சீவரத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும், குடிநீர் வேண்டுமா எனக் கேட்க வேண்டும். இயலுமாயின் வந்தவரின் செருப்பையும் துடைத்து வைத்தல் வேண்டும். வந்தவன் இளையவனாயினும் இடத்தையும் நீரையும் ஒழுங்கையும் சொல்லித் தருதல் வேண்டும். கேட்பது அவன் கடன் எனின், விடை தருவது இவன் கடன்.

இக்கடனில் எந்த நாடும் முழுத் தேர்ச்சி பெற்றதில்லை. ஜப்பான் அரசின் நீதி அமைச்சகம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய ஐந்தாண்டுகளில் அந்நாட்டில் வீடு தேடிய அயல்நாட்டினருள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர், அயல்நாட்டினர் என்னும் காரணத்தால் ஒருமுறையேனும் வீடு மறுக்கப்பட்டவர்கள். வீடு மறுக்கப்படுதல் இன்னதென நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. முன்பு நாம் கூறிய அளவுகோல் இங்கே தெளிவாகப் பயன்படும். வாடகைக்கு முன்பணம் கேட்டல் எல்லாரையும் கட்டும் ஒழுங்கு. பிறந்த நாட்டைக் காட்டிக் கதவடைத்தல் அவ்வாறன்று. முன்னதற்கு இணங்குக, பின்னதை முறையிட்டு எதிர்க்க.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தோக்கியோ, யொகஹாமா நகரங்களைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். அவ்விடுக்கணில், கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி பரவியது. கூலி வேலைக்கு வந்து குடியேறியிருந்த கொரியர் பலரைக் கும்பல்கள் தேடித் தேடிக் கொன்றன. பேச்சில் கொரிய ஒலி தோன்றியதே சிலர்க்குச் சாவாயிற்று. அதே நிலநடுக்கத்தில் யொகஹாமாவில் இருந்த இந்திய வணிகருள்ளும் பலர் மாண்டனர். எஞ்சியோர்க்கு அந்நகர மக்கள் உதவி புரிந்தனர். அவ்வுதவிக்கு நன்றியாகவும் மாண்டோர் நினைவாகவும் இந்திய வணிகர் 1930-களின் இறுதியில் யமஷிதா பூங்காவில் ஒரு குடிநீர் மண்டபம் எழுப்பிக் கொடுத்தனர். அது இன்றும் கடலருகே நிற்கின்றது.

ஒரே நகரம், ஒரே இடுக்கண், ஒரே மக்கள். ஒரு புறத்தில் வந்தவன் நீரில் நஞ்சிட்டான் என்று நம்பிக் கொன்றனர். மறுபுறத்தில் வந்தவனுக்கு இருப்பவர் கைகொடுத்தனர், வந்தவனும் ஊருக்குக் குடிநீர் தந்தான். 1927-ஆம் ஆண்டில் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் நீர் அருந்தியதற்காக அடிபட்டோரின் மரபில் வந்த நாம், இவ்விரண்டையும் மறத்தலாகாது. குடிநீர் எது எனக் கேட்பவனுக்கு அதனைக் காட்டும் இடமே ஊர். காட்ட மறுக்கும் இடம், எத்தனை மாடங்கள் எழுப்பினும், இன்னும் ஊராகவில்லை.

நம் வாயிலில் நிற்போர்

அன்பர்களே, ஜப்பானைப் பற்றிப் பேசிவிட்டு நம் வாயிலை நோக்காதிருத்தல் எளிது. பெங்களூரிலும் மும்பையிலும் கோலாரிலும் நாம் இன்று ஆவாசிகர். நம் பாட்டன்மார் அங்கே ஆகந்துகராக வந்தவர்கள். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வரும் இளைஞர் நம் தெருக்களில் கட்டடம் எழுப்புகின்றனர், உணவு விடுதியில் இலை எடுக்கின்றனர். 1960-களின் தொடக்கத்தில் நாடிழந்து வந்த திபெத்தியர்க்கு மைசூரையடுத்த பைலகுப்பையில் நிலம் தரப்பட்டது. அவர்கள் காடு திருத்தி மக்காச்சோளம் விளைத்தனர். இவர்களுக்கு நாம் இருக்கை இட்டதுண்டா? வடக்கத்தியான் என்று நம்முள் சிலர் ஏளனமாகக் கூறும்பொழுது நாம் தடுத்ததுண்டா? அவன் குப்பையைத் தவறாக இட்டால், அதட்டுகின்றோமா, இடத்தைக் காட்டுகின்றோமா? நிஷிகசாயில் வாழும் நம் மகனுக்கு நாம் விரும்பும் மரியாதையை நம் தெருவில் தங்கும் பீகார்த் தாயின் மகனுக்கு மறுப்போமாயின், நம் விருப்பம் அறத்தின்பாற்பட்டதாகாது, தன்னலத்தின்பாற்பட்டதாகும்.

முடிவாக, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். குடியேறியவன் என்று அந்நாட்டைச் சேர்ந்தவனாகின்றான்? குடியுரிமைச் சட்டம் ஒரு விடை தரும். அதன் வழி நெடியது. ஜப்பானும் இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லையாதலின், ஒன்றைப் பெற மற்றொன்றை விடவேண்டும். அதனைச் செய்தோரும் உளர். 2019-ஆம் ஆண்டில் இந்தியாவில் பிறந்து ஜப்பானியக் குடியுரிமை பெற்ற ஒருவரை எதோகாவா வட்டத்து மக்கள் தம் வட்ட மன்றத்திற்கே தேர்ந்தெடுத்தனர். ஆயின் எல்லார்க்கும் அது வேண்டுவதுமில்லை, வாய்ப்பதுமில்லை.

விநயம் தரும் விடை எளியது. ஆவாசிகன் என அந்நூல் கூறுவது அவ்வூரில் பிறந்தவனை அன்று. அவனும் ஒருநாள் செருப்பைக் கையிலெடுத்து அவ்வாயிலில் வந்து நின்றவனே. நீர் எது எனக் கேட்டவனே. தங்கினான், துப்புரவு செய்தான், ஒழுங்கைக் கற்றான். மற்றொரு நாள் வேறொருவன் புழுதிக் காலோடு வாயிலில் வந்து நின்றபொழுது, இவன் எழுந்து சென்று அவன் சுமையை வாங்கிக் குடிநீரைக் காட்டினான். அன்றே அவன் அவ்விடத்தவன் ஆனான். ஒருவன் பிறப்பால் உயர்ந்தோனாவதில்லை, செயலால் ஆகின்றான் என்பதை நாம் ஏற்றுள்ளோம். ஊரும் அவ்வாறே செயலால் உரியதாகின்றது.

ஆகவே கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது இதுவே: எல்லாரோடும் ஒப்ப வாயிலில் செருப்பைக் கழற்றுங்கள், முதுகை வளைக்காதீர்கள். தெரியாததைக் கேளுங்கள். எத்தனை நாள் தங்குவீர்களாயினும் தங்கும் இடத்தைப் பெருக்குங்கள். சாதியை ஏற்றிச் செல்லாதீர்கள், ஏற்றி வந்தவனைக் கண்டு அஞ்சாதீர்கள். உங்களுக்குப்பின் வருவோனுக்கு, அவன் எந்நாட்டவனாயினும், நீர் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். இங்கே இருக்கும் நாமும் நம் வாயிலில் நிற்போர்க்கு அதனையே செய்வோமாக.